ஒண்ணு குறைச்சுப் போடுங்க

தாராளமாக உட்காருங்க. இந்த மஞ்சள் பையை மட்டும் எடுத்து என் மடியில் வைத்துவிடுங்க. உள்ளே எக்ஸ்ரே படம் இருக்கிறது, மடங்கிவிடக் கூடாது. என்னுடையது ஒன்று, என் வீட்டுக்காரியுடையது ஒன்று. வீட்டுக்காரி அங்கே முன்னால் இருக்கிறாள். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், ஜன்னலோரம், பச்சைச் சேலை. பெயர் சொர்ணக்கிளி.

என் விரலைப் பார்க்கிறீங்க. பார்க்கத்தான் செய்வீங்க. இது யானை மிதித்தது. ஆரியங்காவு இறக்கத்தில் பத்து டன் உப்பு லோடோடு வருகிறேன், பிரேக் போய்விட்டது. பதினோரு கிலோமீட்டர் பிரேக் இல்லாமல் இறக்கினேன். இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். கடைசி வளைவில் ஒரு கொம்பன் யானை குறுக்கே வந்து நின்று நெற்றியைக் கொடுத்தது பாருங்க, லாரி அப்படியே நின்றது. இறங்கிப் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டேன். யானைக்குக் கூச்சம். திரும்பும்போது தெரியாமல் கையை மிதித்துவிட்டது. யானை மேல் தப்பில்லை.

சிரிங்க, சிரிங்க. நன்றாகத்தான் இருக்கும். இன்னொரு நாளாக இருந்தால் அந்த யானையை உங்கள் வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டிருப்பேன். இன்றைக்குத் தெம்பில்லை. காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றது. யானை இல்லை, இது வியாதி.

தோலில் செதில் செதிலாக உதிருமே, சோரியாசிஸ், கேள்விப்பட்டிருப்பீங்க. சில பேருக்கு அது தோலோடு நிற்காது, மூட்டுக்குள் இறங்கிவிடும். எனக்கு இறங்கிவிட்டது. விரலி மஞ்சளாக இருந்த விரலெல்லாம் குண்டு மஞ்சளாகிவிட்டது. நகத்தைப் பாருங்க, குண்டூசியால் குத்தினது போலப் புள்ளி புள்ளியாக. பயப்படாதீங்க, ஒட்டாது. ஆனால் பஸ்ஸில் நான் இதைச் சொன்னதும் எழுந்து போய் நின்றுகொண்டு வந்தவர்கள் உண்டு. அதனால்தான் யானை. யானை மிதித்தவன் பக்கத்தில் யாரும் உட்காருவார்கள்.

அவளுக்கும் இதே வியாதிதான். ஒட்டாது என்கிறாயே, அப்புறம் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் எப்படி வந்தது என்று உங்கள் மனசுக்குள் ஓடுகிறது, தெரிகிறது. அவள் என் அக்கா மகள். எங்கள் அய்யாவுக்கு முழங்கையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உதிரும். சின்ன வயதில் நான், எங்கள் அய்யா மாவு மில் வைத்திருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன். அவர் ரத்தம் எனக்கும் வந்தது, அக்கா வழியாக அவளுக்கும் போனது. சொத்து வெளியே போகக் கூடாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் கட்டிவைத்தார்கள். சொத்து எப்போதோ போய்விட்டது. இது ஒன்றுதான் வெளியே போகாமல் வீட்டிலேயே நிற்கிறது.

கண்டக்டர் வருகிறார். என் சட்டைப் பையில் இருபது ரூபாய் இருக்கிறது, நீங்களே எடுத்துக் கொடுத்துவிடுங்க. ஓடை விலக்கு, ஒரு ஆள். அவளுக்கு டிக்கெட் கிடையாது. பொம்பளைகளுக்குத்தான் டவுன் பஸ் சும்மாவாச்சே. மீதியைப் பையிலேயே போட்டுவிடுங்க, புண்ணியமாகப் போகும்.

விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் தோல் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் மூட்டு டாக்டரிடம் அனுப்பினார். ஒரே நாள், ஒரே அறை. அப்போது இருந்தவர் வயசான மனுஷர். நாற்காலியில் உட்காரவைத்து, தாடையிலிருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் கணுக்கணுவாக அழுத்தி எண்ணினார். எனக்குப் பதினேழு இடம். அவளை எண்ணினார். அவளுக்கும் பதினேழு. கூட ஒன்று இல்லை, குறைய ஒன்று இல்லை. ஜாதகப் பொருத்தம்கூட எங்களுக்கு அவ்வளவு பொருந்தவில்லை.

அப்புறம் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தது. தாளில் ஒரு கோடு. அந்தக் கடைசியில் பூஜ்யம், இந்தக் கடைசியில் பத்து. பூஜ்யம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. "உங்களுக்கு எவ்வளவுன்னு நீங்களே பார்த்து ஒரு கோடு போடுங்க" என்றது.

நீங்களே சொல்லுங்க. முப்பத்தி நாலு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவன். பிரேக் இல்லாமல் பதினாலு கிலோமீட்டர் இறக்கினவன். அறையில் எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நிற்கிறார்கள். அங்கே போய், அய்யோ தாங்கலையே, எட்டு, ஒன்பது என்பேனா? மூன்று என்றேன். அது என்ன கணக்கு என்று கேட்காதீங்க. ஒன்று என்றால் வரிசையில் நின்றதற்கு மரியாதை இல்லை. ஐந்து என்றால் பாதிக் கிழவன். மூன்று கௌரவமாகத் தெரிந்தது.

அன்றைக்குக் காலையில் சட்டைப் பித்தான் நாலையும் போட எனக்கு அரை மணி நேரம் ஆனது. அது வேறு விஷயம்.

அவளிடம் தாளை நீட்டினார்கள். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் துணி பார்ப்பதுபோல இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை பார்த்தாள். பிறகு, "எட்டு" என்றாள்.

நான் அந்த அறையிலேயே சிரித்துவிட்டேன். அதே வியாதி, அதே பதினேழு இடம். நான் மூன்று, இவள் எட்டு! காலையில் எழுந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, இட்லி அவித்து, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து உட்கார்ந்து எட்டு என்கிறாள். எட்டு என்றால் இத்தனை வேலை எப்படி ஓடும்? டாக்டரிடமே கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார்.

நான் சும்மா இருப்பேனா? என் வாயைப் பற்றித்தான் இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்குமே. அந்த மாசமே கொழுந்தியாள் வீட்டில் கல்யாணம். பந்தியில் உட்கார்ந்து சொன்னேன். "பால் பாக்கெட் பிரிச்சா எட்டு. கடுகு தாளிச்சா எட்டு. டிவியில நாடகம் வந்தா மட்டும் பூஜ்யம்!" அவள் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, கோட்டில் விரலை ஓட்டிக் காட்டினேன். சாம்பார் வாளி வைத்திருந்தவன் சிரித்த சிரிப்பில் பாதிச் சாம்பார் இலைக்கு வெளியே போனது. அன்றிலிருந்து அவளுக்கு எட்டம்மா என்று பெயர். சொந்தக்காரப் பிள்ளைகளெல்லாம், "எட்டம்மா, எட்டம்மா, இன்னைக்கு எத்தனை?" என்று கேட்கும். அவளும்தான் சிரித்தாள். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். என் மகள் ஒருத்திதான் சிரிக்கவில்லை. அவளுக்குச் சாதாரணமாகவே சிரிப்பு கொஞ்சம் கம்மி.

அதற்கப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். கோட்டைக் காட்டினார்கள். நான் மூன்று. அவள் என்ன சொன்னாள்? இரண்டு! அதற்கடுத்த தடவையும் இரண்டு. எட்டிலிருந்து இரண்டுக்கு மூன்றே மாசத்தில் இறங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்தது வாரத்துக்கு ஒரு நாள் போடும் மாத்திரை. நானும் அதைத்தான் போட்டேன், எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. அப்புறம் அவளுக்கு எதில் இறங்கியது? என் கேலியில்தான். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பொம்பளைக்கு வலி பாதி உடம்பில், பாதி வாயில், வாயை அடைத்தால் பாதி போய்விடும் என்று. டீக்கடையில் நாலு பேர் வந்து யோசனை கேட்டார்கள் என்றால் பாருங்க.

வலி குறைந்ததே தவிர, சோம்பல் வந்துவிட்டது அவளுக்கு. அதைச் சொல்லத்தான் வேண்டும். வாசலில் பதினைந்து புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவள், இப்போது குறுக்கே இரண்டு கோடு இழுத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறாள். குழாயைக் கையால் திறக்க மாட்டாள், முழங்கையால் இடித்துத் திறப்பாள். பால் பாக்கெட்டைப் பல்லால் கடிப்பாள். நான் திட்டுவேன். கண்ணாடி வளையல் போடுவதையே விட்டுவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, கை நுழையவில்லை, சதை போட்டுவிட்டது மாமா என்றாள். மாமா என்றுதான் கூப்பிடுவாள், பிறந்ததிலிருந்து நான் மாமாதானே. சதை போட்ட பொம்பளைக்கு ரவிக்கை தொளதொளவென்று தொங்குவானேன் என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

மத்தியானம் ஒரு மணிக்குச் சோறு மட்டும் நின்றதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறு மாசத்துக்கு முன்னால் அந்தப் பெரிய டாக்டர் ஓய்வு பெற்றுப் போய், ஒரு சின்னப் பெண் வந்தது. பெனிட்டா என்று பெயர். முப்பது வயசுகூட இருக்காது. ஆனால் நிமிர்ந்து பார்க்கிற டாக்டர். போன மாசம் எங்கள் இரண்டு பேருக்கும் கையைப் படம் எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தோம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அய்யா, விரல் எலும்போட நுனி தேய்ஞ்சிருக்கு. பென்சில் சீவுன மாதிரி ஆகிட்டு வருது" என்றாள்.

"பென்சில்னா எழுதும்லா டாக்டர்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "இப்படியே விட்டா விரல் சுருங்கிரும். அப்புறம் எந்த மருந்து குடுத்தாலும் திரும்பி வராது. ஊசி இருக்கு. விலை கூடுன ஊசி, ஆனா இன்சூரன்ஸ்ல வாங்கிக் குடுக்கலாம். அதுக்குப் பேப்பர் மேல போகணும். மூட்டு எத்தனை வீங்கியிருக்குன்னு நான் எழுதுவேன், ரத்தப் பரிசோதனை இருக்கு. ஆனா மூணாவதா நீங்க சொல்ற நம்பரும் இருக்கு. அது ஆறுக்கு மேல இல்லைன்னா பேப்பரைத் திருப்பி அனுப்பிருவாங்க. நீங்க மூணுங்கிறீங்க. அம்மா ரெண்டுங்கிறாங்க. அம்மா படம் உங்க படத்தைவிட மோசமா இருக்கு."

நான் அவளைப் பார்த்தேன். சொர்ணக்கிளியைத்தான். சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னாள். வந்த நாளிலிருந்து பழைய ஃபைலையெல்லாம் பிரித்துப் படித்தாளாம். "எனக்கு ஒண்ணு புரியலைய்யா. இந்த வியாதியில வர்ற ஆம்பளைங்க எல்லாரும் மூணு, நாலு. பொம்பளைங்க ஏழு, எட்டு. எண்ணிப் பார்த்தா வீங்கின மூட்டு என்னமோ ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. ஆம்பளைங்க குறைச்சுச் சொல்றாங்களா, பொம்பளைங்களுக்கு நிஜமாவே கூட வலிக்குதா, தெரியலை. ஆனா உங்க வீட்டுல மட்டும் தலைகீழ். அம்மா உங்களைவிடக் கம்மி. எப்படி?"

"எங்க வம்சம் அப்படி" என்றேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அடுத்த மாசம் ரெண்டு பேரும் நல்லா யோசிச்சு வந்து சொல்லுங்க. அவசரமில்லை. ஆனா அதுதான் கடைசி, அதுக்கு மேல தள்ளிப்போட முடியாது" என்றாள்.

அந்த அடுத்த மாசம் இன்றைக்குத்தான்.

ஒரு மாசம் யோசித்தேன். பொய் சொல்லவில்லை, பதினெட்டு கிலோமீட்டர் பிரேக் இல்லாமல் இறக்கினவன் ஒரு எண்ணுக்காக ஒரு மாசம் யோசித்தேன். மூன்று என்று சொன்னால் விரல் போகும். எட்டு என்று சொன்னால் என்ன போகும் தெரியுமா? எனக்கு எட்டு என்றால், அதே பதினேழு இடம் வீங்கினவளுக்கு அன்றைக்கே எட்டு இருந்திருக்கும் அல்லவா? அப்படியென்றால் கல்யாணப் பந்தியில் நான் எதைச் சொல்லிச் சிரிக்கவைத்தேன்? அதனால் மூன்று என்றே இருந்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் இன்றைக்குப் பஸ் ஏறினேன். அவளுக்கு இரண்டு என்றால் இரண்டு. அவள் வாயால் சொன்னதுதானே? நானா சொல்லச் சொன்னேன்?

தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? மூடியைத் திறந்து கொடுங்க. இன்னும் கொஞ்சம் சாய்த்துப் பிடிங்க... போதும், போதும்.

இன்றைக்கு அந்தப் பெண் புதுசாக ஒரு வேலை பண்ணினாள். இரண்டு பேரும் சேர்ந்து உட்காரக் கூடாது என்றுவிட்டாள். "அய்யா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பத்தோரு வருஷமாக அவளுக்கு எங்கே போனாலும் நான்தான் பேசுவது. பேங்கில், ரேஷன் கடையில், பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும். அவள் தனியாக என்ன பேசிவிடப் போகிறாள்?

வெளியே என்றால் பெரிய வெளியே ஒன்றுமில்லை. ஒரு பச்சைத் திரை. அதற்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"சொல்லுங்கம்மா. உங்களுக்கு எவ்வளவு?"

"மாமா எவ்வளவு சொன்னாக?"

"அவர் இன்னும் சொல்லலைம்மா. உங்களைத்தான் முதல்ல கேக்கிறேன்."

"அவுக சொல்லட்டும். அதைவிட ஒண்ணு குறைச்சுப் போடுங்க."

"ஏம்மா ஒண்ணு குறைச்சு?"

"எப்பவும் அப்படித்தானம்மா சொல்லுதேன். அவுக மூணும்பாக, நான் ரெண்டும்பேன்."

"அவர் அஞ்சு சொன்னா?"

"நாலு போட்டுக்கிடுங்க."

காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "முத தடவை வந்தப்போ எட்டுன்னு சொல்லியிருக்கீங்களே. இதோ இருக்கு."

எனக்கு இந்தப் பக்கம் காதெல்லாம் சூடாகிவிட்டது. உள்ளே ஃபேன் மட்டும் கிரீச் கிரீச்சென்று சுற்றுகிறது.

"அது விவரம் தெரியாம சொன்னதும்மா" என்றாள் சொர்ணக்கிளி.

"இப்ப என்ன விவரம் தெரிஞ்சது?"

"ஆம்பளை, லாரி ஓட்டுனவுக, அவுகளே மூணுங்கும்போது நான் அதுக்கு மேல சொன்னா நல்லாவா இருக்கும்? வீட்டுக்குள்ளயே எனக்குத்தான் பெரிய வலின்னு நிக்கவா? சும்மா போடுங்கம்மா, எல்லாம் ஓடுது."

நான் அந்தத் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்துக்கொண்டு என்றா சொன்னேன்? பிடிக்க முடியாது. மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

என் கேலியில் வலி குறைந்தது என்று ஊரெல்லாம் சொன்னேனே, சரி, விடுங்க.

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். நான் மூன்று என்றால் இவள் இரண்டு, இரண்டு பேப்பரும் திரும்பி வரும். ஏழு என்றால் இவளுக்கு ஆறு. ஆறுக்கு மேல் வேண்டும் என்கிறார்கள், ஆறிலேயே நின்றுவிட்டால்? எட்டு என்றால் ஏழு, தேறிவிடும். இருந்தாலும் ஒன்று கூட இருக்கட்டும், லோடு ஏற்றும்போது கொஞ்சம் கூடப் போட்டுத்தான் பழக்கம். ஒன்பது. நான் ஒன்பது என்றால் அவளுக்கு எட்டு. அவளுக்காக ஒரு பொய். ஒரே ஒரு பொய். நமக்குத் தெரியாத பொய்யா?

கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், டாக்டர் "நீங்களும் இருங்கம்மா" என்றுவிட்டாள். கோடு போட்ட தாளை என் முன்னால் வைத்தாள். பேனாவை நீட்டினாள். வாங்கினேன், நழுவிக் கீழே விழுந்தது. எடுத்தேன், மறுபடியும் விழுந்தது. சொர்ணக்கிளி குனிந்து அதை எடுத்து, என் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் சொருகி, மேலே கட்டைவிரலை மடக்கி வைத்துவிட்டாள். "இப்படிப் பிடிங்க மாமா, விழாது" என்றாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நான் கரண்டியை அப்படித்தானே பிடிக்கேன்" என்றாள்.

அந்தப் பிடி விழவில்லை. உண்மையிலேயே விழவில்லை. கோட்டில் ஒன்பதுக்கு நேராகப் போட்டேன். வாயாலும் சொன்னேன். "ஒன்பது டாக்டர்." எத்தனையோ கதை விட்டிருக்கிறேன், இந்தப் பொய்யைச் சொல்லும்போதுதான் வியர்த்துவிட்டது. டாக்டர் என்னையே பார்த்தாள். "எவ்வளவு நாளா ஒன்பது?" என்றாள். "மூணு வருஷமா" என்றேன். பொய்யென்றால் முழுசாகச் சொல்ல வேண்டும் பாருங்க. "காலையில கட்டில்ல இருந்து கால் கீழ வைக்க முடியாது. மக்கைப் பிடிக்க முடியாம தொட்டித் தண்ணியில வாயை வச்சுக் குடிச்சிருக்கேன். பேரன் கையைப் பிடிச்சா உதறிவிட்டுருவேன், அவன் தாத்தாவுக்குக் கோவம்னு நினைச்சுக்கிடுவான்." எப்படி ஜோடித்தேன் பார்த்தீங்களா? நானே அசந்துபோனேன், எங்கேயிருந்துதான் இவ்வளவும் வந்ததென்று.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் டாக்டர்.

எட்டு என்பாள் என்று காத்திருக்கிறேன். அதற்குத்தானே இவ்வளவும். நாற்பத்தோரு வருஷமாக எனக்கு ஒரு கரண்டி குறைத்துத்தான் தனக்குப் போட்டுக்கொள்வாள். நான் சாப்பிட்டபிறகு சாப்பிடுவாள், நான் உட்கார்ந்தபிறகு உட்காருவாள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்?

"பத்து" என்றாள்.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். டாக்டரும் அப்படித்தான் நினைத்திருப்பாள். "அம்மா, பத்துன்னா தாங்கவே முடியாதுன்னு அர்த்தம்" என்றாள்.

"தெரியும்மா. தாளுல எழுதியிருக்கே."

"தாங்க முடியாததை எப்படிம்மா தாங்குறீங்க?"

"தாங்காம? ஒரு மணிக்குச் சோறு வேணும்லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மணி கேட்டால் மணி சொல்வதுபோலச் சொன்னாள்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். இரண்டு பேப்பரும் இன்றைக்கே மேலே போகும், தேறிவிடும் என்று நினைக்கிறேன், மூன்று வாரத்தில் ஃபோன் வரும் என்றாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தோம். நான் முன்னால் நடந்தேன், அவள் பின்னால் வந்தாள். கேன்டீனில் காப்பி வாங்கினேன். இரண்டு கையாலும் டம்ளரை அணைத்துப் பிடித்துக் குடித்தாள். நானும் அப்படித்தான் குடித்தேன்.

எனக்கு ஆற்றாமையாகத்தான் இருக்கிறது, உங்களிடம் மறைப்பானேன். நான் அவளுக்காகப் பொய் சொன்னேன். ஒன்பது என்று வாய் கூசாமல் சொன்னேன். அவள் ஒன்று குறைக்க வேண்டியதுதானே? அதுதானே வழக்கம்? என்னைத் தாண்டி ஒன்று கூட்டிவிட்டாளே! கட்டின நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. ஊரில் கேட்டால் என்ன சொல்வது? இந்தத் தடவை அவள் மாதிரி முகத்தை வைத்துக் காட்டவும் முடியாது. அவள் முகம் அப்போது எப்படி இருந்தது என்று கேட்டால்... எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஏறினதிலிருந்து ஒரு கணக்கு ஓடுகிறது, நிற்க மாட்டேன் என்கிறது. இன்றைக்குப் பத்து என்றால் போன பொங்கலுக்கு எவ்வளவு? முப்பது பேருக்குச் சமைத்தாளே. மகள் பிரசவத்துக்கு வந்து மூன்று மாசம் இருந்தாளே, பிள்ளையைக் குளிப்பாட்டினது யார்? எனக்கு மழைக்காலத்தில் முதுகு பிடித்துக்கொண்டபோது எண்ணெய் தேய்த்துவிட்டாளே, அந்தக் கையாலேயா? மூன்று என்று சொன்ன முதுகுக்கு? லாரியில் கிலோமீட்டர் காட்டுகிற முள் உடைந்துவிட்டால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றே தெரியாது. வந்துகொண்டே இருப்போம். அந்த மாதிரி இருக்கிறது.

சே, வாய் ஓய்ந்துவிட்டது. என்னைத் தெரிந்தவன் யாராவது பார்த்தால் வெயிலுமுத்துவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைப்பான்.

கொஞ்சம் எட்டிப் பாருங்க. உங்களுக்கு உயரம் இருக்கிறது. அந்தப் பச்சைச் சேலை... தலை சாய்ந்திருக்கிறதா? ஜன்னல் கம்பியில்? கண் மூடியிருக்கிறதா? தூங்குகிறாளா?

பஸ்ஸில் தூங்குகிறவள் இல்லை அவள். கல்யாணமாகி வந்த அன்றைக்குக்கூட எங்கள் லாரியில் விடிய விடிய முழித்துக்கொண்டுதான் வந்தாள். வாய் திறந்திருக்கிறதா? சரி, சரி. பார்க்க வேண்டாம், கூச்சப்படுவாள். திரும்பி உட்காருங்க.

இதோ பெட்ரோல் பங்க் தெரிகிறது பாருங்க, அதுக்கு அடுத்தது ஓடை விலக்கு. எங்கள் ஸ்டாப். கண்டக்டர் விசில் கொடுக்கப் போகிறார். நீங்க எழுந்திருக்க வேண்டாம். அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். யாரும் இறங்கவில்லை என்றால் நிறுத்தாமல் போய்விடுவார்.

போகட்டும். அடுத்தது சுங்கச்சாவடி, இரண்டு மைல். அதற்கும் அடுத்தது என்னவோ. எதிரில் வருகிற பஸ்ஸில் ஏறித் திரும்பி வந்துகொண்டால் ஆயிற்று. ஒரு மணிக்குச் சோறு இல்லாவிட்டால் யானையா செத்துவிடும்?

தாண்டிவிட்டது. நல்லது.

ஒரு உதவி மட்டும் செய்யுங்க. முழித்துக்கொண்டு பதறி, ஏன் எழுப்பவில்லை என்று கேட்பாள். கேட்டால், கிழவர்தான் தூங்கிவிட்டார் என்று நீங்களே சொல்லிவிடுங்க. நான் சொன்னால் நம்ப மாட்டாள்.